பேயாண்டி அண்ணன் முடிக்காத பேச்சு

பேயாண்டி அண்ணன் மேடையில் பேசும்போது கூட்டம் அவரைப் பார்க்காது, ரோட்டைப் பார்க்கும். பெரிய பேச்சாளரின் கார் வருகிறதா என்று பார்க்கும். அண்ணனும் பேசிக்கொண்டே ரோட்டைத்தான் பார்ப்பார். கார் வந்துவிட்டால், எந்தச் சொல்லில் நிற்கிறாரோ அந்தச் சொல்லோடு பேச்சை விட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பவேண்டும். அவருக்கு மேடை கொடுத்திருந்த வேலை அவ்வளவுதான்.

எழுபதுகளில் மதுரையில் கூட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. பொங்கல் விழா, படிப்பகத் திறப்பு, கல்யாண வாழ்த்துரை, காதுகுத்து என்று எதற்கெடுத்தாலும் ஒரு மேடை, நாலு குழாய் ஸ்பீக்கர். பெரிய பேச்சாளர்களோ ஒரே சாயங்காலத்தில் மூன்று ஊருக்கு ஒப்புக்கொள்வார்கள். நோட்டீஸில் ஆறு மணி என்று போட்டிருந்தால் எட்டுக்கு வந்து நிற்பது பெருந்தன்மை. அதுவரைக்கும் ஜனம் கலைந்துவிடாமல் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டுமே! எங்களுக்குள் அதற்கு ‘ஓட்டுவது’ என்று பெயர். பழங்காநத்தத்திலும் சுற்றுப்பட்டிலும் ஓட்டுவதற்கு அண்ணனை விட்டால் ஆள் கிடையாது.

பகலில் அவர் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டில் விசிலும் கையுமாக நின்று, “திருப்பரங்குன்றம் வண்டிய எடுப்பா, எம்புட்டு நேரம்தான் நிப்ப?” என்று டிரைவர்களை விரட்டிக்கொண்டிருப்பார். அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. நான் இந்தக் கூட்டங்களை நடத்தும் எங்கள் மன்றத்தின் துணைச் செயலாளர். அதாவது நாற்காலி சுமக்கிறவன். ஆகையால் அவர் பேச்சை மேடைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்கும் பாக்கியம் எனக்கு எப்போதும் உண்டு.

மற்றவர்கள் ‘அவர்களே, அவர்களே’ என்று கடனுக்கு விளித்துவிட்டு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அண்ணனுக்கு அவை விளிப்பே ஒரு தனிப் பேச்சு. தலைவர், முன்னிலை வகிப்பவர் எல்லாரும் முடிந்த பிறகு, கரண்ட் கொடுத்த வீட்டுக்காரர், சோடாக்கடைக்காரர், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சோணையம்மாள் வரைக்கும் இறங்கி வருவார். “பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா மாப்ள, அதுக்கப்புறம் எந்திரிச்சுப் போக ஒருத்தனுக்கும் மனசு வராது” என்று எனக்கு அதன் சூட்சுமத்தைச் சொன்னார். வாஸ்தவம்தான். விளிக்கப்பட்ட சோடாக்கடைக்காரர் அன்றைக்குக் கடையைக்கூடக் கவனிக்கமாட்டார்.

அடுத்தது அவையடக்கம். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் கால் மணி நேரம் விளக்குவார். அதற்குப் பிறகுதான் பேச்சு. பேச்சுக்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று மூன்று அங்கம் உண்டல்லவா? அதை அவர் பந்தியாக்கிச் சொல்வார். “எடுப்புன்னா இலை போடுறது. தொடுப்பு சோறும் குழம்பும். முடிப்பு மோரு. மோரு ஊத்தாம எந்திரிக்கச் சொன்னா சாப்பிட்ட மாதிரியாடா இருக்கும்?” சொன்னதும் முகம் வாடிவிடும். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பந்திக்கும் மோர் ஊற்றியதில்லை. குழம்பு ஊற்றும்போதே கார் வந்துவிடும்.

ஒரு பேச்சையாவது முழுசாக முடித்துவிட்டு இறங்கவேண்டும். அண்ணனுக்கு இருந்த ஒரே ஆசை இது. முடிப்பு அவரிடம் தயாராகவே இருந்தது. தெருக்குழாயில் குளிக்கும்போது அதைச் சொல்லிப் பார்ப்பார். “பூட்டுக்குச் சாவி இரும்பு, வீட்டுக்குச் சாவி அன்பு!” என்று தொடங்கி அடுக்கு மொழியில் ஏறிக்கொண்டே போகும். உச்சியில் குரலைச் சட்டென்று இறக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, ‘நன்றி, வணக்கம்’ என்பார். சோப்பு நுரையோடு அவர் கைகூப்புவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் தெருவில் கிடையாது.

தொடுப்பில் எப்போதும் ஒரே கதைதான். அண்ணன் தம்பி இருவர். சொத்துத் தகராறில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். பேச்சுவார்த்தை அறவே கிடையாது. ஒருநாள் அடைமழையில் மூத்தவன் பக்கத்துக் கூரை விழுந்துவிடுகிறது. கைப்பிள்ளையை முந்தானையில் பொத்திக்கொண்டு நிற்கும் பெண்டாட்டியோடு அவன் தம்பி வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். டக், டக், டக். பேயாண்டி அண்ணன் மைக்கைச் சுண்டி அந்தச் சத்தத்தை எழுப்பும்போது எனக்கே முதுகு சில்லிடும். சரியாக அந்த இடத்துக்குத்தான் கார் வரும். மேலூர்ப் பக்கம் போனால்கூட ஆட்கள் அவரை வழிமறித்து, “அண்ணே, தம்பி கதவைத் தொறந்தானா இல்லையா?” என்று கேட்பார்கள். “அதை மேடையிலதான் சொல்வேன்” என்று நழுவிவிடுவார்.

அவர் மனைவி அன்னக்கொடி மதினி ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. கேட்டால், “பாதி வழியில எறக்கி விடுற பஸ்ஸுல எதுக்கு ஏறணும்?” என்பார்.

எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பொங்கல் விழாவுக்கு எங்கள் செயலாளர் ஹரிராம், ஜவுளிக்கடைக்காரர், திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியரைப் பேச அழைத்திருந்தார். அண்ணன் டைம் கீப்பர் மூளையைக் கொண்டு கணக்குப் போட்டார். திருச்சியில் ஒரு பொங்கல் விழாவை முடித்துப் புறப்பட்டு, வழியில் காபி குடித்து வர எப்படியும் எட்டரை ஆகும். “இன்னைக்கு முடிச்சுருவேன் புள்ள. நீ வந்தே தீரணும்” என்று மதினியிடம் சொல்லிவிட்டார். மேடையும் அவர்கள் தெருமுனையிலேயே இருந்தது. மதினி பாயோடு வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அண்ணன் பேசிய பேச்சு இருக்கிறதே, விளிப்பு மணிமணியாக வந்தது. அவையடக்கத்துக்கே கைதட்டல். கதையில் மழை கொட்டியது, கூரை விழுந்தது. டக், டக், டக். ரோட்டைப் பார்த்தார். கார் இல்லை. கூட்டமும் பார்த்தது. கார் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹரிராம் தன் கடையிலிருந்து மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார். கடை போனுக்குச் சேதி வந்திருந்தது. மேடையேறி அண்ணன் காதோரம் குனிந்தார். ரகசியம் சொல்கிறவர் மைக்கைப் பொத்திக்கொண்டு சொல்லவேண்டாமா?

“அண்ணே, கொட்டாம்பட்டியில காரு உக்காந்துருச்சு. அவரு வரமாட்டாரு. யாருக்கும் சொல்லிராதீங்க. ஓட்டுங்க, ஓட்டுங்க!”

நாலு குழாய் ஸ்பீக்கரிலும் தெரு முழுக்க இது கேட்டது.

கூட்டம் சிரித்தது, பிறகு கத்தியது. பாய்களை உதறிக்கொண்டு எழுந்தார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் ஹரிராமைத் தேட, அவர் மேடைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். எனக்கு நாற்காலிகளை நினைத்துத்தான் பதற்றம். அப்போது பின்னாலிருந்து ஒருவர் பெருங்குரலில், “யோவ், வராத ஆளு வராமப் போகட்டும். தம்பி கதவைத் தொறந்தானா இல்லையா? அதைச் சொல்லிட்டு எறங்குய்யா!” என்றார்.

எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் ரோட்டைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அண்ணன் மேல் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுக்கு மொழியில் முடிப்பு வைத்திருந்த மனிதர் கதைக்கு முடிவே வைத்திருக்கவில்லை! கூட்டத்தை ஓட்டுவதற்குக் கதவு வரைக்கும் போனால் போதுமே. அதற்கு அந்தப்புறம் என்ன நடந்தது என்று யோசிக்க அவருக்கு ஒருநாளும் அவசியம் நேரவில்லை.

“சபையோர்களே, எனக்குத் தெரியாது” என்றார் அண்ணன். “இந்தக் கதையை நான் கதவுக்கு அங்கிட்டு கொண்டு போனதே இல்ல.”

உடனே, “தொறந்திருக்க மாட்டான், பங்காளிப் பகை லேசுப்பட்டதா?” என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். “பச்சப்புள்ள நனையுது, தொறக்காம இருப்பானா?” என்று சோணையம்மாள் எழுந்தார். நடுவர் இல்லாத பட்டிமன்றமாகிவிட்டது. அண்ணன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்கள் பக்கத்தில் அன்னக்கொடி மதினி எழுந்தார். மேடைப் பழக்கமே இல்லாத மனுஷி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“எதுக்கு இம்புட்டு அடிச்சுக்கிறீங்க? தம்பி தொறக்கல. அவன் ரோசத்தோட சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தான். அவன் பொண்டாட்டி எந்திரிச்சுப் போய்த் தொறந்தா. ‘உள்ள வாங்க, புள்ள நனையுது’ன்னா. அடுப்பைப் பத்த வச்சு ரசம் வச்சா. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அதை ஊத்திச் சாப்பிட்டாய்ங்க. மறுநா காலையில ரெண்டு பொம்பளைகளும் கடப்பாரைய எடுத்து அந்தச் சுவரை இடிச்சாக. அம்புட்டுதான்.”

தெரு அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் குலவையே கேட்டது. ஆண்கள் அசடு வழியச் சிரித்துக்கொண்டு கைதட்டினார்கள். பதுங்கியிருந்த ஹரிராம் தைரியம் வந்து வெளியே தலைநீட்டி, “அண்ணே, விடாதீங்க. உங்க முடிப்பைப் போடுங்க!” என்றார்.

போட்டிருக்கலாம். மைக் அவர் கையில்தான் இருந்தது. கூட்டம் அவரையே பார்த்தது. திருச்சியிலிருந்து இனி யாரும் வரப்போவதில்லை. பூட்டும் சாவியும் நாக்கு நுனியில் இருந்திருக்கும். அண்ணன் தொண்டையைச் செருமினார். மதினியை ஒருதரம் பார்த்தார். பிறகு கைகூப்பி, “எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, மைக்கை என்னிடம் கொடுத்துப் படியிறங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனேன். மதினி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நல்லாத்தான் பேசுனீங்க. என்னைக் கூட்டியாந்துட்டு இன்னைக்கும் முடிக்கலையே?” என்றார் அவரிடம்.

அண்ணன் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

“முடிச்சுட்டுத்தான் புள்ள எறங்கியிருக்கேன். இன்னைக்கு யாரும் என்னைய எறங்கச் சொல்லல. நானா எறங்குனேன்” என்றார்.

மதினி பாயை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.