வேட்டைப் படத்தில் கரீம் பாயின் அத்தா

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் புதிதாக ஒரு காபிக்கடை. சுவரெல்லாம் பழைய வேட்டைப் படங்கள். மற்றவர்கள் செத்த புலியைப் பார்ப்பார்கள்; என் கண் துப்பாக்கிக்குத்தான் போகும். காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

இந்தப் பைத்தியம் பிடித்தது வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவு. ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் இரட்டைக்குழலா, மவுசரா என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தப் பீற்றலைப் பொறுமையாகக் கேட்ட ஒரே மனிதர் குடைக்கடை கரீம் பாய். புதுத்துணி வாசனையும் ஏலக்காய் டீ வாசனையும் கலந்து வரும் கடை அது. பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்களிடம் வேட்டைப் படங்களைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் அவராகவே ஒரு படத்தை நீட்டினார். ஈரம் பட்டு முகங்கள் கரைந்திருந்தன.

"இடது கையால துப்பாக்கி பிடிச்சிருக்காரே, அவர்தான் சார் எங்க அத்தா. இடது கைக்காரர்னு அம்மா சொல்லுவாங்க. என்ன துப்பாக்கி சார்?"

பாய் தொட்டிலில் இருந்தபோதே அத்தா இறந்துவிட்டார். வேட்டைக்காரர்களோடு சவ்வாது மலைக்குப் போவார், இடது கைக்காரர். பாய்க்குத் தெரிந்த அத்தா அவ்வளவுதான்.

மவுசர். ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. அந்தக் காலத்து மவுசரில் அது வலப்பக்கம்தான் இருக்கும். சட்டைப் பொத்தான்களும் பக்கம் மாறியிருந்தன. நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்திருக்கிறார்கள். துப்பாக்கிக்காரர் வலது கைக்காரர். சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத்தான் எனக்கு வராதே.

"பாய், படம் இடம்வலமா மாறியிருக்கு. இவரு அத்தா இல்லீங்க."

பாய் கடை வாசலுக்கு வந்தார். படத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் ஊடுருவ, இடம்வலம் நேராகத் தெரிந்தது. விரல் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே ஒருவர் குனிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால், இடது கையால்.

"சார், அப்போ அதோ அவருதான்." தன் தோளைத் தொட்டுக்கொண்டார். "துப்பாக்கி கெடக்குது, விடுங்க. எனக்கும் குனிஞ்சா இப்படித்தான் தோள் ஒருபக்கமா எறங்கும்."

பாய் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அவரோடு ஒரு டீ குடிக்க மனசு ஏங்குகிறது. துப்பாக்கியின் பெயரைக் கேட்க இன்றைக்கும் யாராவது வருகிறார்கள். ஓரத்தில் குனிந்து நிற்பவர் யார் என்று கேட்கத்தான் ஆளில்லை.