கிள்ளானுக்குக் கட்டிப்போன அரக்குச் சேலை

டிசம்பர் மாதத்து விடியற்காலை என்றால் எனக்கு இன்றைக்கும் பாதிக் கண் மூடியேதான் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு தெரியாது. மழை விட்ட ஈரம் புகையாக நிற்கும், அதற்குள்ளிருந்து எங்கோ ஒரு என்ஜின் ஊதும். கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் அது. எது நடந்தது, எது நான் படுத்துக்கொண்டே நினைத்தது என்று இப்போது குழம்புகிறது. சேலை விஷயம் மட்டும் குழம்புவதில்லை.

எனக்கு அம்மா கிடையாது. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்த அப்பாதான் எல்லாம். தலைக் கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு முறை. எங்கள் சபைப் பெண்களுக்கு நல்ல நாள் என்றால் வெள்ளைதான். கலியாணத்துக்கு வெள்ளை, ஈஸ்டருக்கு வெள்ளை. அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, அரக்கு நிறத்தில் மாம்பழக் கரை வைத்த பட்டு வாங்கி வந்து நின்றார். “எப்பப் பாத்தாலும் வெள்ளையிலயே உன்னைப் பாத்து அலுத்துப் போச்சும்மா” என்றார். தினம் பெட்டியைத் திறந்து அந்தப் பட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். பைத்தியம்தான், வேறென்ன.

அது ரப்பர் விலை தரையில் விழுந்த காலம். தோட்டங்களில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். கடல் கடந்து வந்த அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பக் கப்பல் வரும்வரை கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் சொன்னார்: “இந்த வருஷம் நமக்குள்ள பரிசு வேண்டாம், புதுத் துணி வேண்டாம். அதையெல்லாம் அந்த ஜனங்களுக்குக் கொடுப்போம். கட்டின பழசைக் கொண்டு வராதீங்க, கோடித் துணியாக் கொண்டு வாங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. தர்மம் நல்லதுதான், யார் இல்லை என்றது? என் தலைக் கிறிஸ்துமஸைப் பார்த்துத்தானா இந்த ரப்பர் விழ வேண்டும்?

“உங்க அப்பா கொடுத்தது, உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வேலைக்கு நழுவினார். நழுவுவதில் அவர் கெட்டிக்காரர். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கோடிதானே கேட்கிறார்கள்? ஒரு தரம் உடுத்திவிட்டால் அது கோடி இல்லையே. என் பங்குக்கு வெள்ளை மல் சேலை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, கிள்ளானுக்குப் போகிற அன்றைக்கே அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளையில் வந்திருந்த மற்றப் பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

ரயில் மெதுவாகப் போனது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், பால் வெட்ட ஆளில்லாமல், வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. யாரோ கீர்த்தனை முணுமுணுத்தார்கள். கட்டியிருந்த பட்டின் வாசனையும் ஜன்னல் வழியாக வந்த ஈர மண் வாசனையும் சேர்ந்து எனக்குக் கண் செருகியது. இறங்கினது எப்படி, நடந்தது எப்படி, ஒன்றும் ஞாபகமில்லை.

கொட்டகைக்குள் தூணோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். பக்கத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். போதகர் வீட்டு அம்மா அன்பாகக் குனிந்து ஒரு வெள்ளைச் சேலையை அவள் மடியில் வைத்தார். அவள் நெருப்புப் பட்டதுபோல அதைத் தள்ளிவிட்டாள்.

“எடுங்க. என் வீட்டுக்காரர் உசிரோட இருக்கார்.”

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் தாலி அறுத்தவளுக்குப் போடுகிறதுதான் அவர்களுக்கு வெள்ளைக் கோடி. பொட்டில்லாத நெற்றியோடு, வெள்ளை உடுத்திய பெண்கள் வரிசையாக வந்து, ஆளுக்கொரு வெள்ளைக் கோடியை நீட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நாங்களும் தமிழர்கள்தானே, தெரியாதா? தெரியும். வெள்ளை என்றால் நல்ல நாள் என்று பழகின கண்ணுக்கு அது மறந்தே போயிருந்தது.

அங்கிருந்த ஒரு பெரியம்மாதான் வழி சொன்னாள். “மஞ்சள் வாங்கிக் குடுங்க தாயி, நனைச்சுக் கட்டிக்கிறோம்.” பாசார்க் கடையிலிருந்து மஞ்சள் வந்தது, அரைத்தார்கள், பெரிய அண்டாவில் கரைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க மஞ்சள் துணிகள் தொங்கின. வெயில் அவற்றின் வழியாக உள்ளே வந்து எல்லோர் முகத்திலும் மஞ்சளாக விழுந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தூணோரத்துப் பெண் தள்ளிவிட்ட சேலை மட்டும் நனைக்கப்படாமல் கிடந்தது; அவள் அதைத் தொடவே இல்லை. மஞ்சளில் நனைத்தாலும், அவள் மடியில் விழுந்தபோது அது வெள்ளைதானே. கட்டியிருந்ததோ ஒரே கிழிசல், கையால் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். நேரே என்னிடம் வந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் இருக்காராம்மா?”

“இருக்கார்.”

“அப்ப நீங்க கட்டியிருக்கிறதைக் குடுங்க. சுமங்கலி கட்டின சேலை.”

முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் கட்டி வந்தேன். கட்டியிருக்கிறேன் என்பதற்காகவே இவள் கேட்கிறாள்.

“இது எங்க அப்பா எடுத்துக் கொடுத்தது” என்றேன்.

“தெரியுது” என்றாள். நீட்டின கையை இறக்கவில்லை.

சாக்குத் திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டோம். அவள் வேண்டாமென்று தள்ளின வெள்ளையை நான் சுற்றிக்கொண்டேன். அவளுக்குப் பட்டு வழுக்கிக்கொண்டே போனது. நான்தான் குனிந்து கொசுவம் மடித்துவிட்டேன். ஆத்திரத்தோடுதான் மடித்தேன். அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய்ப் புருஷன் கண்ணுக்கு எதிரே நின்றாள். அவன் பாதிக் கண்ணைத் திறந்தான்.

“எங்க கிளம்பிட்ட?”

“எங்கயும் போகல. சும்மா கட்டிப் பாத்தேன்” என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று அப்பா சாப்பிட வந்தார். நான் வெள்ளையில் இருந்தேன். சேலை எங்கே என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அந்தப் பொண்ணுக்கு எடுப்பா இருந்துச்சா?”

“என்னைவிட.”

“அவ புருஷன் பொழைச்சுக்கிட்டானா?”

“தெரியலப்பா. கப்பல் போயிருக்கும்.”

அப்போதுதான் எனக்கு அழுகை பொங்கி வந்தது. அந்த மனுஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அப்பா இடக்கையால் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நான் அழுதது சேலைக்காக.