இரண்டு வண்டுக்கு ஒரு கோடு

ஹம்பேர்க் தொடருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்க் கடையில், கொறற்றி ஒரு வெண்டைக்காயின் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துவிட்டாள்.

"பிள்ளை, வாங்கப் போறியோ, பொம்பிளை பாக்கப் போறியோ?" என்றார் கடைக்காரர் தம்பித்துரை.

"பதினாலு சென்ரிமீற்றர் அண்ணை. முத்தல்." அடுத்ததை எடுத்தாள்.

அவள் தொழில், பூச்சியியல் நூல்களுக்கு வண்டு வரைவது. நெல்மணியிலும் சிறிய வண்டைக் கால் மயிர் தப்பாமல் உள்ளங்கை அளவுக்கு வரைவாள். அடியில் ஒரு சிறு கோடு போடுவாள். அவ்வளவு நீளம் ஒரு மில்லிமீற்றர் என்று பொருள். 'இருபது மடங்கு' என்று எழுதமாட்டாள். அச்சில் படத்தைச் சுருக்கினால் எழுத்துப் பொய்யாகும். கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும். "கோடு இல்லாட்டி என்ர வண்டு யானையாயும் இருக்கலாம்," என்பாள்.

ஓரிடத்தில் இருக்கமாட்டாள். எஸ்-பான் நகரத் தொடருந்தில் இருக்கை கிடைத்தாலும் நின்று கால் மாற்றுவாள். அன்று கடையிலிருந்து அதில் திரும்புகையில் அண்ணன் எமிலும் கூட வந்தான். அவள் கையில், மறுநாள் அச்சேறும் நூலின் மெய்ப்புத் தாள். பதினான்கு வருட வேலையில் முதல் தடவையாகப் படத்தின் கீழே அவள் பெயர். ஞாயிறு பூசைக்கு வந்த அத்தனை பேருக்கும் எமில் அதைப் போனில் காட்டியாயிற்று.

"ஐயோ அண்ணா!"

"என்னடி, அடுப்பை நூக்காமல் வந்திட்டியோ?"

"ஆண் வண்டு மூண்டு மில்லிமீற்றர். பெண் ஆறு. வேற வேற நாளில கீறினது, பக்கத்தில வைக்கேக்கை ஒரே பருமனாக் கிடக்கு. கோடு ஆணுக்கு மட்டும்தான் இருக்கு."

"ஆர் அளக்கப் போறான்?"

"அளக்கிறவனுக்குத்தானே கீறினனான்!"

உடனே பதிப்பகத்துக்குப் போன் எடுத்தாள். ஜெர்மன் படபடவென்று வந்தது. நடுவில் இரண்டு தடவை அந்தக் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் நடந்தாள். பிறகு போனை இறக்கினாள்.

"பக்கம் நிரம்பிப்போச்சாம். இன்னொரு கோடு போட என்ர பேர் இருக்கிற வரி மட்டும்தான் கிடக்காம். இப்பவே திருத்தி அனுப்பட்டாம்."

"பேரிலை கை வையாதை! கோட்டை அடுத்த பதிப்பிலை போடட்டும். அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன்."

"அதுவரைக்கும் அந்தப் பெண் வண்டு மூண்டு மில்லிமீற்றரோ அண்ணா?"

கொறற்றி பேனையின் மூடியைப் பல்லால் கழற்றினாள். வண்டி குலுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நிலையத்தில் அது நிற்கும்வரை பொறுத்திருந்து, தாளைச் சன்னல் கண்ணாடியில் வைத்து, தன் பெயரின் மேல் நேராக ஒரு கோடு கீறி வெட்டினாள்.