ஐம்பத்திரண்டு பேர், ஒன்பது பேட்டரி

அறிவியல் ஆசிரியர் ஆகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிற பேராசிரியை அவர். பல்கலைக்கழகத்தில் இருபத்துமூன்று வருட சர்வீஸ். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் நாளே ஒரு பேட்டரி, ஒரு பல்ப், ஒரு துண்டுக் கம்பி கொடுத்து, "எரிய வைங்க, பார்ப்போம்" என்பார். இயற்பியல் பட்டதாரிகளே திருதிருவென்று விழிப்பார்கள். "இன்னொரு கம்பி கிடைக்குமா மேடம்?" என்பார்கள். ஒரு கம்பியே போதும். அதை அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டார்.

ஒருமுறை பயிற்சி மாணவர்களைப் பார்வையிட ஒரு பள்ளிக்குப் போனார். வராந்தாவில் நடந்தபோது பழகிய குரல் கேட்டது. "மின்சுற்று என்பது, கமா போடுங்க..." ஆறு வருடத்துக்கு முன் அவரிடம் படித்தவர்களிலேயே கெட்டிக்காரி, நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் ஆய்வுக்கூட அலமாரி பூட்டிக் கிடந்தது.

"என்னம்மா, நீயுமா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் ஆரம்பிச்சேன். பாடம் முடிக்கலைன்னு மெமோ குடுத்துட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ஸ்கூல்ல கிளாஸ் எடுத்திருக்கீங்களா மேடம்?"

எடுத்ததில்லை. படிப்பு, ஆராய்ச்சி, நேராகப் பல்கலைக்கழக வேலை. வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினார்.

"அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்றார் அவர்.

"நீங்க யார் பக்கம்?"

ஆனாலும் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்க அனுமதி கேட்டார். "பேராசிரியருக்கு இது தேவையா மேடம்?" என்று சிரித்த துறைத் தலைவர், சொந்த விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அலமாரியில் வேலை செய்கிற பேட்டரி ஒன்பது. முதல் நாளே இரண்டு சூடாகி வீணாயின. சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் வாரம் தலைமையாசிரியர் மாதத் தேர்வை நினைவுபடுத்தினார். ஐந்தாம் வாரம், வேறு வழியில்லாமல், பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்து வரையறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். வகுப்பு கப்சிப்பென்று எழுதியது. அந்த அமைதிதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"மேடம், இதுக்கு அடிக்கோடு போடணுமா?" என்றாள் ஒரு சிறுமி.

"போடு."

அன்று ஆசிரியர் அறையில் பழைய மாணவியிடம், "அஞ்சு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியலைம்மா" என்றார். அவள் குத்திக்காட்டவில்லை. பேப்பரை எடுத்து பெஞ்சுகளை வரைந்தாள். மூன்று வரிசைப் பிள்ளைகள் மட்டும் செய்து பார்க்கட்டும், மற்றவர்கள் என்ன நடக்கும் என்று யோசித்துப் படம் போடட்டும், பிறகு இடம் மாறலாம். மறுவாரம் முயன்றார்கள். பாதி வகுப்புக்குத்தான் பல்ப் எரிந்தது, மணி அடித்துவிட்டது.

இரண்டு மாதம் முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் பேராசிரியை தன் பழைய பாடக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டார். கூட்டமான வகுப்பில், குறைந்த சாமான்களோடு, நாற்பது நிமிடத்தில் பரிசோதனை செய்ய வைப்பது எப்படி என்று புதுப் பாடம் ஒன்றை எழுதினார். பாடத்திட்டக் குழு அதை விருப்பப் பாடமாக மட்டும் ஏற்றது. மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு யார் வருவார்கள்? முதல் வருடம் ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

கட்டாயப் பாடமாக்கச் சொல்லி இதுவரை மூன்று மனு கொடுத்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. துறைத் தலைவர் இப்போதெல்லாம் அவரை எதிரே பார்த்தால், நாலாவது மனு வந்துவிடுமோ என்று வணக்கம்கூட முழுதாகச் சொல்லாமல் நழுவிவிடுகிறார்.