ஏலத்தோட்டத்துக்குக் கடலைக் கொண்டுவந்தவர்

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப் மலையேறிக்கொண்டிருந்தபோது சபீனாவின் அழைப்பு வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தப் பிள்ளை எனக்குப் போன் செய்கிற பழக்கம் இல்லை. "அத்தை, அத்தா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து டீ கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

"என்னாச்சுக்கா?" என்றார் டிரைவர் செல்வம். "கப்பல் பாய் போயிட்டாரு" என்றேன். ஜீப்புக்குள் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். செல்வம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அந்தப் பெண்களில் பேச்சிதான் சொன்னாள்: "ஏண்ணே யோசிச்சுக்கிட்டு நிக்கிற? வண்டியத் திருப்பு. செடி எங்கயும் ஓடிப் போயிராது." அடுத்த வளைவில் செல்வம் ஜீப்பைத் திருப்பினார். வேலைநாளில் ஏறின ஜீப்பு பாதியில் இறங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காதர் மைதீன் என்றால் போடியில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. கப்பல் பாய் என்றால் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எந்தத் திசையில் கிளம்பினாலும் எளிதில் கடலைப் பார்க்க முடியாத ஊர் எங்களுடையது. அந்த ஊரிலிருந்து போய்ச் சரக்குக் கப்பலில் இஞ்சின் பார்த்துவிட்டு, வயதானதும் திரும்பி வந்து, மனைவி பங்காகக் கிடைத்த ஏலக்காய்த் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர் அவர். அவருடைய தோட்டமும் என்னுடையதும் ஒரே சரிவில், ஓர் ஓடை மட்டும் நடுவில். வந்த முதல் நாளே ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, "தங்கச்சி, எனக்கு இந்தச் சோலி தெரியாது. தப்பாப் பண்ணினா சத்தம் போடு" என்றார். சத்தம் போடுவதில் எனக்கு எந்தக் காலத்திலும் சுணக்கம் கிடையாது. ஊருக்கே தெரியும்.

"கப்பல்ல இருந்தீங்களே, கடல் எப்படி இருக்கும்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். நான் ராமேசுவரத்தில் ஒரு முழுக்குப் போட்டதோடு சரி. அவர் சிரித்துவிட்டார். "நான் கடலைப் பார்த்ததவிடத் தொட்டதுதாம்மா அதிகம். கீழ இஞ்சினு ரூம்ல ஏது ஜன்னல்? இஞ்சினைக் குளுர வைக்கக் கடல் தண்ணிய உள்ள இழுப்போம். அந்தக் குழாய்ல கைய வெச்சா இன்னிக்குக் கடல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுரும். டிகிரி பார்த்து எழுதுறதும் என் வேலைதான்." வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சில்லென்று இருந்த அதே பாதையில், ஓய்வு பெறும் காலத்தில் குழாய் வெதுவெதுப்பாக இருந்ததாம். "அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. பூமிக்கு ரேடியேட்டரே கடல்தான் தங்கச்சி. நாம ஏத்துற சூட்டையெல்லாம் அதுதான் வாங்கிக்குது. ரேடியேட்டர் தண்ணியே சூடாயிருச்சுன்னா வண்டி என்னாகும்? செல்வத்தைக் கேளு, சொல்லுவான்."

இப்படித்தான் அவர் கடலை எங்கள் ஜீப் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தார். காலையில் எல்லோரும் மேற்கே மலை முகட்டில் மேகம் நிற்கிறதா என்று பார்ப்போம். அவர் போனில் கடலின் சூடு காட்டுகிற படத்தைப் பார்ப்பார். நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒரே வண்ணக் கோலம். "என்ன பாய், இன்னிக்குக் கடலுக்குக் காய்ச்சலா?" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். "ஆமாப்பா, கசாயம் வெச்சுக் கொடுக்கலாமான்னு பாக்குறேன்" என்பார். கோபமே வராது அந்த மனுசனுக்கு. எனக்குத்தான் அவருக்குப் பதிலாகக் கோபம் வரும்.

ஒரு நாள் கடையில் கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தோம். ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்று, வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து ஒன்று, இரண்டையும் உடைக்கச் சொன்னார். வெயிலில் கிடந்தது புஸ்ஸென்று பொங்கி வழிந்து கடைக்காரர் சட்டையை நனைத்தது. "பாத்தியா? குளுந்த தண்ணி கேஸைப் பிடிச்சு வெச்சுக்கும். சூடானா விட்டுரும். நம்ம ஸ்டோர்ல காய் உலர்த்துற புகை, ஜீப்புப் புகை எல்லாத்துலயும் ஒரு பங்கைக் கடல்தான் குடிக்குது. புகையால கடல் சூடாகுது. சூடான கடலு முன்ன மாதிரிக் குடிக்க மாட்டேங்குது. குடிக்காத புகை மேல நின்னு இன்னும் சூடு ஏத்துது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுத் தள்ளிக்கிட்டே போகுது." கடைக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே, "அது சரி பாய், இந்தச் சோடாவுக்கு யார் பொறுப்பு?" என்றார். அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

பேசிவிட்டுப் போகிற ஆளும் இல்லை. அடுத்த வாரமே என் ஸ்டோருக்கு வந்து, அடுப்பிலிருந்து காய் உலர்த்தும் அறைக்குப் போகிற சூட்டுக் குழாயைத் தட்டிப் பார்த்தார். எங்கெங்கே சூடு வீணாகக் கசிகிறது என்று கண்டுபிடித்து, களிமண்ணும் தகரமும் வைத்து அடைத்தார். அதற்குப் பிறகு அதே காய்க்கு விறகு குறைவாகத்தான் பிடித்தது. "கடலுக்கு நாம செய்ற மரியாதை" என்று கையைக் கழுவிக்கொண்டார். எனக்கோ விறகு மிச்சம். ஆளுக்கொரு சந்தோஷம்.

இனி நான் சொல்லப்போவது பலருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதே நிழல் மழைக்காலத்தில் எமன். அதனால் காலவர்ஷம், அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் ஆட்களை மரமேற்றி, நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவோம். கழிக்காமல் விட்டால் இருட்டும் ஈரமும் சேர்ந்து காய் அழுகும். கழித்த பிறகு மழை ஏமாற்றினால் வெயில் நேரே விழுந்து செடி கருகும். எப்போது கழிப்பது என்பதற்கு எங்கள் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. வைகாசியில் மேற்குக் காற்றோடு இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் மூன்றாம் நாள் ஆள் ஏறலாம். என் மாமனார் காலத்திலிருந்து அது பிசகியதே இல்லை. சமீப வருடங்களில்தான் பிசக ஆரம்பித்தது.

காரணத்தைக் கப்பல் பாய்தான் சொன்னார். "அரபிக்கடல் ரொம்பச் சூடாயிட்டா, காலவர்ஷத்துக்கு முன்னாடியே அங்க புயல் கிளம்பும். புயல் கிளம்புறப்ப இங்க ரெண்டு நாள் கொட்டும். அப்புறம் அது வடக்க போறப்ப ஈரக் காத்தையும் தன்னோட இழுத்துட்டுப் போயிரும். நாம அதைக் காலவர்ஷம்னு நினைச்சு மரத்துல ஏறிர்றோம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் முதன்முதலாகப் "பொறு" என்று சொன்ன வருடம் நானும் பொறுத்தேன். மரமேறுகிறவர்களின் மேஸ்திரி முருகன் காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். மழையோ நிற்கவே இல்லை. புயலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அசல் காலவர்ஷம்! ஆள் திரும்பக் கிடைப்பதற்குள் என் தோட்டத்தில் காய் பிடித்த சரமெல்லாம் அழுகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. கையில் எடுத்தால் நாற்றம்.

ஜீப் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பிடித்தேன். "உங்க கடலைக் கொண்டுபோய்க் கடல்லயே போடுங்க! நான் உங்களை நம்பினதுக்குத் தோட்டமே நாறிக் கிடக்கு!" என்று கத்தினேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. அது அவர் வாங்கிக்கொள்ள வேண்டிய திட்டுதான். அவரும் அப்படித்தான் நினைத்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பிள்ளை சொல்றது சரி. கடல் காட்டினது பாதிதான். மிச்சத்தை நானாச் சேர்த்துச் சொல்லிப்புட்டேன். சூடு இருந்துச்சு, ஆனா காத்து எப்படி இருக்குன்னு நான் பாக்கல. தப்பு என்னுது." மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே போனை வைத்துக்கொண்டு நின்றார். நானாக இருந்தால் ஒரு மாதம் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடமும் வைகாசியில் இரண்டு நாள் கொட்டியது. முருகன் கயிறும் அரிவாளுமாக வந்து நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பாய் வந்தார். "தங்கச்சி, போன வருசம் மாதிரி இல்ல இது. காத்தும் பாத்துட்டேன். பொறுக்கலாம்னு தோணுது. ஆனா என்னை நம்பிச் செய்யாத. படத்தை நீயே பாரு" என்று போனை நீட்டினார். கடலுக்கு நடுவே ஒரு சுழி. காற்றெல்லாம் அதைப் பார்த்துத்தான் வளைந்து போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் புரிந்தது. புரிந்தும் என்ன செய்ய? இன்னொரு வருடம் அழுகினால் அந்தத் தோட்டத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு கிடையாது. விற்றுவிட்டு மகன் வீட்டோடு மதுரையில் போய் உட்கார வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும்.

"முருகா, தோட்டத்துல மேல் பாதியில மட்டும் ஏறு. கீழ்ப் பாதிய விட்டுரு" என்றேன். முருகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏக்கா, பாதி மொட்டை யாராச்சும் அடிப்பாங்களா?" "நான் அடிப்பேன். ஏறுய்யா!"

மேல் பாதி கழித்து முடித்த கையோடு மழை நின்றது. வானம் துடைத்துப் போட்டது போல் ஆனது. நாள் தவறாமல் வெயில். சரிவில் அவசரப்பட்டவர்களின் தோட்டங்களெல்லாம் மஞ்சளாயின. என் மேல் பாதியில் இலை விளிம்பு கருகிச் சுருண்டது. கீழ்ப் பாதி பச்சைப்பசேலென்று நின்றது. மலைச்சாலையில் போகிற எந்த ஜீப்பிலிருந்து பார்த்தாலும் கோடு போட்ட மாதிரித் தெரியும். செல்வம் வண்டியை நிறுத்தி ஆட்களுக்குக் காட்டினாராம்.

பாய் வந்தார். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ கீழே கிடந்த கழித்த கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து, கருகும் செடிகளுக்கு வெயில் படாமல் சாய்த்து வைக்க ஆரம்பித்தார். பேச்சியும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொழுது சாயும்வரை குனிந்து நிமிர்ந்து வேலை செய்தோம். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். "இஞ்சினு பழசாயிருச்சு தங்கச்சி" என்று போனில் சிரித்தார். அந்த மேல் பாதியில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது. நான் மதுரைக்குப் போகவில்லை.

அதற்குப் பின் பல வைகாசிகளை இருவரும் சேர்ந்தே பார்த்தோம். சில சரியாக வந்தன, சில காலை வாரின. எப்படியிருந்தாலும் காலையில் ஜீப் ஸ்டாண்டில் நின்று எல்லோர் முன்பும் சொல்லிவிடுவார். தப்பாகிப் போனால் அதையும் சொல்லிவிடுவார். ஒரு மனிதர் இதைவிட நிறைவாக வாழ முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. விரும்பிய கடலிலும் இருந்தார், விரும்பிய மலையிலும் இருந்தார். யாருக்கும் பாரமாகாமல் போனார். லுஹர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது, நான் மகள் சபீனாவோடும் அவர் மனைவி பாத்திமா அண்ணியோடும் வீட்டில் இருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ திட்டின அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'இந்த ஊர்ல என்னைச் சரியா மதிக்கிறது அந்தத் தங்கச்சி ஒருத்திதான்'னு சொன்னாக" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

அவர் இல்லாத முதல் வைகாசி இது; போன வாரம் மழை இறங்கியது. மேற்குக் காற்றோடு இரண்டு நாள், வழக்கப்படி. மூன்றாம் நாள் காலை ஜீப் ஸ்டாண்டில் முருகன், செல்வம், பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். யாரும் மலை முகட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். "அக்கா, ஆளை ஏத்தவா?" என்றார் முருகன்.

படத்தைப் பார்த்திருந்தேன், காற்றையும் பார்த்திருந்தேன். சுழி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "என் தோட்டத்துல இப்ப ஏற வேண்டாம், பொறுக்கணும்னு தோணுது. உங்க தோட்டத்துக்கு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. எனக்கு நிச்சயமாத் தெரியாது" என்றேன். சிலர் ஏறினார்கள், சிலர் பொறுத்தார்கள்.

அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கடலைப் பற்றிய அறிவு என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். அது எனக்குப் பாதிதான் ஏறியது. நான் வைத்துக்கொண்டது வேறு. இதை எழுதும்போதும் வெளியே மழை விடாமல் பெய்கிறது, என் மரங்கள் கழிக்காமல் நிற்கின்றன; இந்த முறை என் கணக்குத் தப்பிவிட்டது போலிருக்கிறது. விடிந்ததும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்பேன்.