கிரேக்கப் பானையில் ஒரு கன்னக்கட்டு

அது எந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதற்கும் தேதி கேட்கிறவன் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கிய எனக்கு இது உறுத்தல்தான். ஐம்பதுகளின் பிற்பாதி, வைகாசி முகூர்த்தங்கள் இன்னும் தொடங்கவில்லை. புதுக்கோட்டையில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு நாகஸ்வரக்காரர் குடியிருந்தார். காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து இடது கன்னம் தளர்ந்து, ஊதும்போது உதட்டோரம் காற்று கசிந்தது. விராலிமலையில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே சோடை போனால் அந்தப் பருவம் முழுக்க யாரும் கூப்பிடப்போவதில்லை.

அப்போது என்னிடம் கிரேக்கப் பானை ஓவியங்கள் பற்றிய நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆட்களைச் சுட்ட மண்ணின் சிவப்பிலேயே விட்டு, சுற்றிலும் கறுப்புப் பூசியிருப்பார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுப் பானை ஒன்றில் ஒருவன் இரட்டைக் குழல் ஊதிக்கொண்டிருந்தான். வாய்க்குக் குறுக்கே ஒரு தோல்வார் கன்னங்களை அழுத்திப் பின்தலைக்குப் போனது. இன்னொன்று உச்சந்தலைமேல் ஏறியது.

அதை நாகஸ்வரக்காரரிடம் காட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "என்ன சார், இவனுக்கும் காத்து ஒழுகுதா?"

"கன்னம் உப்பாம இருக்கக் கட்டுறதுன்னு போட்டிருக்கு."

"ரெண்டு குழலயும் இவனே ஊதுறான். சுருதி பிடிக்கிற ஒத்துக்காரன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான் போல."

தோலை வாயில் வைக்க அவருக்கு மனமில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, வாயில் வைத்து ஊதும் சீவாளி நுழைய ஓட்டை போட்டு, படத்தில் உள்ளபடியே நான்தான் கட்டிவிட்டேன். ஊதினார். காற்று கசியவில்லை. தோடி நெடுநாளைக்குப் பிறகு முழுசாக வந்தது.

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

"ஆத்தாடி! பொணத்துக்கு நாடி கட்டுன மாதிரி இது என்னங்க? தாலி கட்டுற எடத்துல இதோடயா போய் நிப்பீங்க? அவுருங்க மொதல்ல!"

அவர் கையை உயர்த்தி உச்சந்தலை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "ஆமால்ல. கெட்டிமேளத்துக்கு இப்படிப் போனா மாப்பிள்ளை எந்திரிச்சு ஓடிருவான்." யாரும் சிரிக்கவில்லை. அவிழ்த்துவிட்டார். பல நாள் பார்த்த படம்; செத்தவர் வாய் திறக்காமல் தாடையை உச்சியோடு சேர்த்துக் கட்டுவது எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணத்துக்குக் கட்டில்லாமலே போனார். கெட்டிமேளத்தில் காற்றுதான் வந்ததாம்; கூட வந்தவர் வாங்கி ஊதிச் சமாளித்திருக்கிறார். அதன்பின் இவர் அதே குழுவில் தாளம் போட்டார்.

சில சாயங்காலங்களில் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே காற்று கசியாமல் தோடி கேட்கும். அந்த நேரம் அவர் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.