மூன்று மூட்டை கனம்

தீர்த்தகிரியை எனக்குப் புளி வழியாகத்தான் தெரியும். ஜமுனாமரத்தூர் சந்தையில் நான் புளி வாங்கிய காலத்தில் அவருடைய சரக்கைத்தான் முதலில் நிறுப்பேன். கொட்டை இருக்காது, தண்ணீர் தெளித்த ஏமாற்று இருக்காது. ஆனால் தான் சொன்னால் சொன்னதுதான் என்கிற வீம்பு அந்த மனிதருக்கு நிறையவே இருந்தது.

மலைப்பாதை வளைவுகளில் அடிக்கடி வண்டி உருண்ட காலம் அது. படவேட்டிலிருந்து ஆதிநாராயணன் என்ற பழைய இரும்பு வியாபாரி வந்து, பள்ளத்தில் கிடக்கும் காரின் எஞ்சினைக் கழற்றி வைப்பார். அதை ரோட்டுக்கு ஏற்றுவது தீர்த்தகிரி, அவர் தம்பி கோவிந்தன், பங்காளிகள் அர்ச்சுனன், முனியன் ஆகியோரின் வேலை. தடித்த மரக்கொம்பில் எஞ்சினைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டுத் தோளில் தூக்கி வருவார்கள்.

சுமை தூக்குவதில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. நடப்பதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார்கள். தோள் பார்ப்பது என்று அதற்குப் பெயர். ஒருவன் முடியவில்லை என்றால் போதும், இறக்கி வைத்துவிட்டு இன்னும் இரண்டு ஆளைத் தேடுவார்கள். முடியவில்லை என்றவனை யாரும் கேலி பேசக் கூடாது. எனக்குத் தெரிந்து அந்த மலையில் இதைவிட நல்ல சட்டம் எதுவும் இல்லை.

ஒரு சந்தை நாளில் தீர்த்தகிரி ஒரு ஃபியட் எஞ்சினை என் முன்னால் இறக்கி, உன் தராசில் போடு என்றார். புளி மூட்டைக்காக மரக்கிளையில் கட்டியிருந்த பெரிய தராசு அது. ஒரு தட்டில் எஞ்சின், மறு தட்டில் புளி மூட்டைகள். இரண்டு மூட்டைக்குச் சற்று மேலே நின்றது. அடுத்து வந்த அம்பாசிடர் எஞ்சின் சரியாக மூன்று மூட்டை. சந்தையே கூடி நின்று சிரித்தது. உன் பெண்டாட்டியையும் ஏற்றிப் பார் என்றார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்று முதல் மனிதர் மாறிப்போனார். இன்ன கார் என்றால் இத்தனை மூட்டை, இத்தனை ஆள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவார். அம்பாசிடருக்கு நாலு ஆள். அப்புறம் தோள் பார்ப்பது எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார்.

எண்பத்திரண்டு வாக்கில், சாமை அறுப்பின்போது, ஒரு அம்பாசிடர் பள்ளத்தில் விழுந்தது. மற்ற எல்லோரும் அறுப்புக்காகக் கொல்லைக்காட்டில் இருந்தார்கள். நாலு பேர் போதும் என்று தீர்த்தகிரி இறங்கினார். முன்னால் அவரும் அர்ச்சுனனும், பின்னால் கோவிந்தனும் முனியனும். மேட்டில் ஏறும்போது பின்னால் இருப்பவர்கள் மேல்தான் பாரம் சாயும்.

நடந்ததை அர்ச்சுனன்தான் என்னிடம் சொன்னான். பத்தடி ஏறுவதற்குள் கோவிந்தன் குரல் கொடுத்திருக்கிறான்.

"அண்ணா, கனம் ஜாஸ்தியா கீது. எறக்கிப் பாக்கலாம்."

"அதே வண்டி, அதே இஞ்சின். நான் தராசுல நிறுத்தவன்டா. ஏறு."

அண்ணன் பேச்சை அவன் தட்டியதே இல்லை. ஏறினான். பாறை திரும்பும் இடத்தில் அவன் முழங்கால் மடங்கியது. முனியன் எகிறி விழுந்து தப்பினான். எஞ்சின் கோவிந்தன் நெஞ்சின் மேல் இறங்கியது. இன்னும் ஆட்கள் ஓடிவந்து அதைப் புரட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்து வந்த சந்தைக்கு அந்த எஞ்சினைத் தீர்த்தகிரி ஆள் வைத்துத் தூக்கிவந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மூன்று மூட்டை வைத்தேன். எஞ்சின் தட்டு தரையை விட்டு எழவே இல்லை. நாலாவது மூட்டையை அவரே தூக்கி வைத்தார். அப்போதுதான் தராசு சமமாக நின்றது. அதைக் கழற்றிக் கொடுத்த ஆதிநாராயணன் பக்கத்தில்தான் நின்றார்; இது டீசல் எஞ்சின், காரின் சொந்தக்காரர் மாற்றிப் போட்டிருக்கிறார் என்று சாவகாசமாகச் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

கோவிந்தனின் மனைவி செல்லியம்மாள் புளிக்கூடையோடு அங்கே வந்து நின்றாள். தீர்த்தகிரி அவளைப் பார்த்ததும் உடைந்துபோனார்.

"ஒரு மூட்டை ஜாஸ்திம்மா. அவன் சொன்னது நெசம்."

அவள் தராசைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அவுரு சொன்னப்பவே எறக்கி வச்சிருந்தா, இப்ப நிறுக்கவே வேணாமே, மாமா."

கூடையை என்னிடம் இறக்கி வைத்துவிட்டு, தன் முறைக்காகக் கீழே உட்கார்ந்தாள். நிறுப்பதற்குத் தட்டு காலியாக இல்லை. தீர்த்தகிரி ஒற்றை ஆளாக அந்த எஞ்சினைக் கட்டிப்பிடித்து இறக்கப் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் எழுந்து வரவில்லை.